டேங்க் ஓட்ட ஜப்பானிய மொழி வேண்டாம், வால் பிடிக்கத் தெரிந்தால் போதும்

எல்லாரும் முதலில் செய்யும் தப்பிலிருந்தே தொடங்குகிறேன். ஜப்பானிலிருந்து வாங்கிய பிளேஸ்டேஷன் டேங்க் விளையாட்டின் டிஸ்க்கைப் போட்டாயிற்று, தலைப்புத் திரை வந்துவிட்டது, ஸ்டார்ட்டை அழுத்தியதும் ஒரு மெனு வருகிறது. பழக்கதோஷத்தில் பெருக்கல் குறி பட்டனை அழுத்துகிறோம், மறுபடி தலைப்புத் திரை. மறுபடி ஸ்டார்ட், மறுபடி பெருக்கல் குறி, மறுபடி தலைப்புத் திரை. டிஸ்க் கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்து நான் லுங்கி நுனியால் துடைத்தே பார்த்தேன். டிஸ்க் நன்றாகத்தான் இருந்தது. ஜப்பானில் வட்டம் என்றால் 'சரி', பெருக்கல் குறி என்றால் 'தப்பு', பள்ளிக்கூட விடைத்தாளில்கூட சரியான விடைக்கு வட்டம்தான் போடுவார்கள். ஆகவே உள்ளே போக வட்டம், வெளியே வர பெருக்கல் குறி. 2020-இல் பிளேஸ்டேஷன் 5 வந்தபோதுதான் ஜப்பானிலும் பெருக்கல் குறியை உறுதி செய்யும் பட்டனாக மாற்றினார்கள். அதற்கு முந்தைய எதை வாங்கினாலும் கட்டை விரலுக்குப் புதுப்பழக்கம் கற்றுக்கொடுத்தே ஆகவேண்டும், இரண்டு நாளில் வந்துவிடும்.

நான் இதை எழுதுவது பான்சர் ஃப்ரண்ட் என்ற டேங்க் விளையாட்டு வரிசையை மனதில் வைத்து. 1999-இல் முதல் பிளேஸ்டேஷனுக்கு வந்தது, 2001-இல் 'பிஸ்' என்று வால் ஒட்டிய இரண்டாவது, 2004-இல் பிளேஸ்டேஷன் 2-க்கு மூன்றாவது. முதலாவதற்கு மட்டும் ஆங்கிலப் பதிப்பு உண்டு, மற்ற இரண்டும் ஜப்பானோடு நின்றுவிட்டன, நல்லவை அந்த இரண்டும்தான் என்பது என் கட்சி. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலைச் சுவருக்கு இந்தப் பக்கம் வளர்ந்தவன் நான். விஜயந்தா, அர்ஜுன் என்ற டேங்க் பெயர்களெல்லாம் எங்கள் தெருவில் சொந்தக்காரர் பெயர் போலப் புழங்கும். அப்படியும் 'புது டேங்க் வாங்கியிருக்கிறேன்' என்று சொன்னால் அம்மா மொட்டை மாடியைத்தான் அண்ணாந்து பார்க்கிறார். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மெனுவுக்கு முன்னால் கரண்ட். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், நம்மூரில் 230. அடாப்டரின் பின்பக்கம் இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள். '100-240' என்று இருந்தால் பிளக் மாற்றி மட்டும் போதும். வெறும் '100' என்றால் அதை நேராக நம் சுவரில் சொருகினால் ஒரு நொடியில் கருகிவிடும், ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் கட்டாயம். நான் சென்னை ரிச்சி தெருவில் போய், 'அண்ணே, நூறு வோல்ட் அவுட்புட் இருக்கா?' என்று கேட்டேன். 'நூத்திப் பத்துதான் தம்பி எல்லாரும் வாங்கிட்டுப் போறாங்க, அமெரிக்கா சாமானுக்கு' என்றார் கடைக்காரர். அதை வாங்காமல் நாலு கடை ஏறி இறங்கி நூறே வாங்கினேன், ஏனென்றால் எங்கள் ஏரியாவில் ராத்திரி வோல்டேஜ் ஏறும்போது இந்தப் பக்கமும் சேர்ந்தே ஏறும். இன்னொன்று, முதல் இரண்டு பிளேஸ்டேஷனிலும் ஊருக்கு ஊர் பூட்டு உண்டு: ஜப்பான் டிஸ்க்குக்கு ஜப்பான் பெட்டிதான். பெட்டியின் மொழியை மாற்றினால் விளையாட்டும் மாறிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், டிஸ்க்கில் இருக்கும் எழுத்துதான் திரையில் வரும்.

இப்போது எழுத்து. திரையில் மூன்று வகை கலந்து கிடக்கும். கோணல்மாணலாக, குச்சி ஒடித்துப் போட்டது போல இருப்பது கதகானா. வளைந்து நெளிந்து கோலம் மாதிரி இருப்பது ஹிரகானா. ஒரே கட்டத்துக்குள் பத்துப் பன்னிரண்டு கோடுகளைத் திணித்து வைத்திருப்பது காஞ்சி (காஞ்சிபுரம் இல்லை, சீன எழுத்து). செல்போன் கேமராவைக் காட்டினால் மொழிபெயர்த்துவிடுமே என்பீர்கள். புது விளையாட்டுகளில் செய்கிறது, பழையவற்றில் காலை வாருகிறது. முதல் பிளேஸ்டேஷன் விளையாட்டுகள் பெரும்பாலும் 320-க்கு 240 புள்ளி அளவில் ஓடுபவை, அந்தப் புள்ளிக்குள் காஞ்சியை அடைத்தால் கோடெல்லாம் ஒட்டி கரப்பான் பூச்சி மாதிரி ஆகிவிடும், கேமரா அதைப் பார்த்து வாய்க்கு வந்ததை உளறும். அதனால் கண்ணைப் பழக்குவதே மேல், மொத்தம் இருபது வடிவம்கூடத் தேறாது.

கதகானா பெரும்பாலும் ஆங்கிலச் சொல்லை ஜப்பானிய வாயில் போட்டு எடுத்தது. நாம் ஸ்கூலை இஸ்கூல் என்பது போல அவர்கள் சேவ் என்பதை 'சேபு' என்பார்கள். 'ல' கிடையாது என்பதால் லோட் 'ரோதோ' ஆகிவிடும். இரண்டும் மூன்றெழுத்து, இரண்டிலும் நடுவில் ஒரு நீளமான கிடைக்கோடு இருக்கும், அது எழுத்தை நீட்டும் குறி, நம் துணைக்கால் மாதிரி. வெறும் சதுரத்தில் தொடங்கினால் லோட். '7' மாதிரி ஒரு எழுத்தின் தோளில் இரண்டு சின்னக் கீற்றோடு முடிந்தால் சேவ். இந்த இரண்டையும் முதல் நாளே மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். அந்தக் கீற்றுக்கும் அர்த்தம் உண்டு: 'க'வில் 'கல்', 'தகரம்' என இரண்டு ஒலியையும் நாம் ஒரே எழுத்தால் எழுதிவிடுகிறோம், அவர்கள் அழுத்தம் குறைந்த ஒலிக்கு இரண்டு கீற்று வைப்பார்கள். 'ஹ'வின் தோளில் சின்ன வளையம் வைத்தால் 'ப'.

தொடக்க மெனுவில் முதல் இரண்டு வரியும் சில விளையாட்டில் ஹிரகானாவில், ஐந்தைந்து எழுத்தாக, கடைசி இரண்டு எழுத்து ஒரே மாதிரி இருக்கும். அந்தக் கடைசி இரண்டும் 'கரா', நம் 'இலிருந்து'. ஒன்று 'முதலிலிருந்து', மற்றது 'விட்ட இடத்திலிருந்து'. எது எது? முதல் இரண்டு எழுத்தும் ஒரே வளைவாக இருந்து இரண்டாவதில் மட்டும் கீற்று இருந்தால், அது விட்ட இடத்திலிருந்து.

'இலிருந்து' எங்கே நிற்கிறது பார்த்தீர்களா? கடைசியில், நம்மைப் போலவே. ஜப்பானியத்தில் வினை கடைசியில் வரும், 'ஆ' என்று கேட்பதும் 'இல்லை' என்று மறுப்பதும் வினையின் வாலில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவே உண்டு என்று வாதிட்டார், மொழியியலாளர்கள் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை, அந்தச் சண்டை நமக்கு வேண்டாம். நமக்கு வேண்டியது ஒன்றுதான்: திரையில் ஒரு செய்தி வந்தால் ஆரம்பத்தைப் பார்க்காதீர்கள், வாலைப் பாருங்கள்.

வால் நாலு வகை. வளைந்த கொக்கி ஒன்று, குறுக்கே ஒரு கோடு, வலது மேல் மூலையில் தனியாக ஒரு கீற்று: இது 'கா', கேள்வி, நம் 'செய்யலாமா?' பெரும்பாலும் கேள்விக்குறியும் கூடவே வரும். இடது பக்கம் சிலுவை மாதிரியும் அதன் வலது பக்கத்தில் சமன் குறி மாதிரியும் இருந்தால் 'தா', அதாவது முடிந்தது, 'சேமித்தாயிற்று'. ஆங்கிலத்தின் சின்ன 'எச்' எழுத்தைச் சாய்த்து எழுதி வாலை இழுத்துவிட்டது போல இருந்தால் 'மசென்' என்பதன் கடைசி எழுத்து, முடியாது அல்லது இல்லை. நாலாவது 'குதசாய்', தயவுசெய்து. நாலெழுத்து, முதல் எழுத்து இடது பக்கம் பார்த்த அம்பு முனை. சேமிக்கும் நேரத்தில் இந்த வாலோடு ஒரு வரி வந்தால் அநேகமாக 'கரண்டை அணைக்காதீர்கள்' என்கிறது, கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள்.

இதில் அந்தச் சாய்ந்த 'எச்' எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமையைத் தின்றது. பிளேஸ்டேஷன் 2-இல் முதல் பிளேஸ்டேஷன் டிஸ்க்கும் ஓடும் என்பது தெரியும், 1999-இன் டிஸ்க்கைப் போட்டேன், ஓடியது, ஒவ்வொரு சண்டை முடிந்ததும் சேமிக்கப் போனேன், ஏதோ ஒரு வரி வந்தது, வட்டத்தை அழுத்தினேன், போய்விட்டது. சேமித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் பார்த்தால் ஒன்றும் இல்லை. கை தவறியிருக்கும் என்று மறுபடி அதே சண்டைகள், மறுபடி அதே வரி, மறுபடி வட்டம். மூன்றாவது வாரம்தான் வாலை உற்றுப் பார்த்தேன், 'மசென்'. சேமித்து வைக்கும் மெமரி கார்டு இல்லை என்று அது மூன்று வாரமாக மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. முதல் பிளேஸ்டேஷன் விளையாட்டை பிளேஸ்டேஷன் 2-க்குரிய 8 எம்.பி. கார்டில் சேமிக்க முடியாது, 15 கட்டம் கொண்ட பழைய கார்டுதான் வேண்டும். டிஸ்க் வாங்கும்போதே அதையும் வாங்கிவிடுங்கள்.

கேள்வி வால் வந்தால் கீழே ஆம், இல்லை வரும். 'ஹாய்' ஆம், இரண்டெழுத்து. 'ஈயே' இல்லை, மூன்றெழுத்து, அதில் முதல் இரண்டும் ஒன்றே. எழுத்தை எண்ணினால் போதும், படிக்கவே வேண்டாம். ஆனால் 'ஆம்' சொல்லும் முன் கேள்வி என்ன என்று பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு, கார்டு திரையில் மூன்று காஞ்சி சேர்ந்து நிற்கும் 'ஷொகிகா'. கார்டை முழுக்கத் துடைத்துவிடவா என்பது அது. புதுக் கார்டு என்றால் ஆம், இல்லையென்றால் மூன்றெழுத்து. அங்கே சந்தேகம் வந்தால் பெருக்கல் குறிதான் பாதுகாப்பு.

அமைப்புத் திரைக்குப் போகும் வழி 'ஒப்புஷொன்', ஆப்ஷன்தான். குறுக்குக் கோடு, நடுவே செங்குத்து, அதன் இடது பக்கம் சாய்ந்து இறங்கும் ஒரு கால் என்று தொடங்கும், அந்த எழுத்து 'ஒ'. ஆப்ஷனுக்குப் பதில் காஞ்சியில் 'செத்தெய்' என்று இருந்தாலும் அமைப்புதான். உறுதி செய்வதற்கு 'கெத்தெய்'. இரண்டும் ஈரெழுத்து, இரண்டிலும் இரண்டாவது எழுத்து ஒன்றே, கூரைக்குக் கீழே காலை நீட்டி உட்கார்ந்தது போல. முதல் எழுத்தின் இடது ஓரத்தில் மூன்று நீர்த்துளி தெறித்திருந்தால் உறுதி, இல்லையென்றால் அமைப்பு. இதைக் கண்டுபிடித்த அன்று நான் இரண்டாவது காபி போட்டுக் குடித்தேன்.

உள்ளே போனதும் எதையும் தொடும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்துவிடுங்கள். அதுதான் திரும்பி வரும் வழி. அப்புறம் ஒரு நேரத்தில் ஒரு வரி மட்டும் மாற்றி, வெளியே வந்து டேங்க்கை ஓட்டிப் பார்த்து, நோட்டில் தமிழில் எழுதி வையுங்கள், 'மேலிருந்து மூன்றாவது: அதிர்வு' என்று. ஆர்வக்கோளாறில் ஐந்தாறு வரியைச் சேர்த்து மாற்றினால் எது எதைச் செய்தது என்று பிரம்மாவுக்கும் தெரியாது. இசையும் சத்தமும் பி.ஜி.எம்., எஸ்.இ. என்று ஆங்கில எழுத்திலேயே பெரும்பாலும் இருக்கும், இசையை முழுக்கக் குறைத்துவிடுங்கள், டேங்க் விளையாட்டில் காதுதான் பாதி கண், பின்னால் வரும் எஞ்சின் சத்தம் கேட்டாக வேண்டும். அதனால்தான் ஸ்டீரியோவும் முக்கியம். ஸ்டீரியோ, மோனோ இரண்டுமே அவர்கள் கணக்கில் நாலெழுத்து, எண்ணிக்கை உதவாது, ஆப்ஷனின் அந்த முதல் எழுத்து 'ஒ' கடைசியில் வந்தால் ஸ்டீரியோ. ஆன், ஆஃப் இரண்டும் அதே 'ஒ'வில் தொடங்கும், '7' மாதிரி முடிந்தால் ஆஃப். சில வரிகளில் ஆன், ஆஃபுக்குப் பதில் 'உண்டு / இல்லை' அல்லது 'செய் / செய்யாதே' என்று ஹிரகானாவில் இருக்கும். அங்கே தூண்டில் முள் மாதிரி ஒரு எழுத்து எந்தப் பக்கம் இருக்கிறதோ அதுதான் 'இல்லை', அதுதான் 'செய்யாதே'. இந்தத் தந்திரம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் இடத்துக்கு மட்டும், நீளமான வாக்கியத்தில் அந்த முள் எல்லா இடத்திலும் கிடக்கும்.

கடினம் எவ்வளவு என்று கேட்கும் இடத்தில் மூன்று வரி வந்தால், கம்பி குத்திய பெட்டி மாதிரி ஒரு எழுத்தோடு தொடங்குவது நடுத்தரம். அந்த எழுத்தின் பெயர் 'சூ', பொருள் நடு. இன்னொரு வேலையும் அதற்கு உண்டு: ஒரு சொல்லின் கடைசியில் வந்தால் 'நடந்துகொண்டிருக்கிறது'. சேபு என்று எழுதிப் பக்கத்தில் கம்பி குத்திய பெட்டி நின்றால் சேமித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், அது மறையும் வரை சுவிட்ச் பக்கம் போகாதீர்கள். அந்த நேரத்தில் கரண்ட் போனால் மின்வாரியத்தைத் திட்டிக்கொள்ளலாம், கார்டில் இருந்தது திரும்பாது.

பெயர் கேட்கும் திரை வந்தால் பலர் பயந்துபோய் கண்டதை அழுத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். நமக்கு அது தேவையே இல்லை. ஜப்பானிய எழுத்துக் கட்டம் ஆ, ஈ, ஊ இல்லாமல் குறிலாக அ, இ, உ, எ, ஒ என்று நம் வரிசையிலேயே போகும், அப்புறம் க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. 'ஹ' இருக்கும் இடத்தில் பழங்காலத்தில் 'ப' இருந்தது. அதையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்றாம் வகுப்பு அரிச்சுவடியில் நாலைந்து எழுத்தை உருவிவிட்டது போல இருக்கிறதல்லவா? காரணம் இருக்கிறது, இந்தியாவிலிருந்து புத்த மதத்தோடு போன சமஸ்கிருத எழுத்துப் படிப்புதான் அந்த வரிசைக்கு வேர். ஆக, 'குமார்' என்று போட வேண்டுமா? 'க' வரிசையில் மூன்றாவது, 'ம' வரிசையில் முதலாவது, 'ர' வரிசையில் மூன்றாவது. குமரு என்று வரும், பரவாயில்லை. முதல் இரண்டெழுத்து மட்டும் போட்டு நிறுத்தினால் ஜப்பானில் அது கரடி. கட்டம் சில விளையாட்டில் வலது ஓரத்திலிருந்து மேலிருந்து கீழாகப் போகும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டேங்க் தேர்வு எளிது, ஏனென்றால் எண்கள் எல்லாம் நம் எண்களே, தூரம் மீட்டரில், பீரங்கிக் குழலின் விட்டம் மில்லிமீட்டரில். 'சென்ஷா' என்றால் டேங்க், ஈரெழுத்து, இரண்டாவது எழுத்து மாட்டு வண்டியை மேலேயிருந்து பார்த்தது போல, நடுவில் கட்டம், மேலும் கீழும் சக்கரம், ஊடே அச்சு. டி-34 மாதிரி பெயர்கள் அப்படியே இருக்கும். ஜெர்மன் பெயர்களை ஜெர்மன் உச்சரிப்பில் எழுதுவார்கள், டைகர் என்று தேடினால் கிடைக்காது, 'டீகா' என்று இருக்கும், இரண்டு கிடைக்கோடு வைத்தது அது. 'பந்தா' என்பதில் முதல் எழுத்தில் வளையம், கடைசியில் கோடு, அது பாந்தர். வளையத்தைக் கவனிக்காமல் நான் ரொம்ப நாள் அதை 'ஹந்தா' என்றே நோட்டில் எழுதி வைத்திருந்தேன்.

குண்டு தேர்வில்தான் தோற்பது ஜெயிப்பது. எல்லாக் குண்டுப் பெயரும் ஒரே காஞ்சியில் முடியும். மூன்றெழுத்தாக இருந்து நடுவில் ஜன்னலுக்கு வால் முளைத்தது போல எழுத்து இருந்தால் கவசம் துளைப்பது, அந்த நடு எழுத்தே கவசம். ஈரெழுத்து என்றால் வெடித்துச் சிதறுவது, அதன் முதல் எழுத்துக்கு மாதுளை என்று பொருள், உடைத்தால் முத்து தெறிப்பது போல. எதிரே டேங்க் என்றால் ஜன்னல், பள்ளத்தில் ஒளிந்திருக்கும் பீரங்கியும் ஆளும் என்றால் மாதுளை. மாதுளையை டீகாவின் 100 மில்லிமீட்டர் முன் கவசத்தில் அடித்தால் பெயின்ட்தான் உரியும்.

தூரம் கணிக்க ஒரு கணக்கு போதும். 1,000 மீட்டரில் 1 மீட்டர் அகலம் பீரங்கியின் குறிக்கண்ணாடியில் 1 மில் (கோண அளவு). எதிரியின் அகலத்தை ஆயிரத்தால் பெருக்கி, கண்ணாடியில் தெரியும் மில்லால் வகுங்கள். டி-34 சுமார் 3 மீட்டர் அகலம், நேர் எதிரே நின்று 4 மில் அடைத்துக்கொண்டால் 750 மீட்டர். ஜெர்மன் குறிக்கண்ணாடியின் நடு முக்கோணம் 4 மில் அகலம்தான், ஆகவே முக்கோணத்தோடு சரிக்குச் சரி நின்றால் அதே 750.

கடைசியாக 'ஷுத்ஸுகெகி', புறப்பாடு. மலைக்கு மேல் மலை ஏற்றி வைத்தது போல முதல் எழுத்து. கூரையையும் நீர்த்துளியையும் எவ்வளவு அழுத்தினாலும் சண்டை தொடங்கவில்லையே என்று திணறுபவர்கள் இந்த இரட்டை மலையைத் தேடுங்கள், அங்கே போய் வட்டம். நடுவில் நிறுத்தினால் வரும் மெனுவில் பெரும்பாலும் மேல் வரி தொடர்வது, கீழே போகப் போக விட்டுவிட்டு ஓடுவது. கம்பி குத்திய பெட்டியில் தொடங்கும் ஈரெழுத்து அங்கே இருந்தால் சண்டையை நடுவில் முறிப்பது, சும்மா அழுத்திப் பார்க்காதீர்கள். விளையாடி முடித்துச் சேமித்து, வாலில் 'தா' வந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு அணையுங்கள். டிரான்ஸ்பார்மரையும் சேர்த்து அணையுங்கள், இல்லையென்றால் ராத்திரி முழுக்க உர்ரென்று சூடாகிக்கொண்டே கிடக்கும்.